சொந்தமாக ஹோட்டல் நடத்த அரசு மானியம்: எந்தத் திட்டம் யாருக்கு?

தமிழ்நாட்டில் டிபன் கடையோ மெஸ்ஸோ பிரியாணிக் கடையோ தொடங்குபவருக்கு, திருப்பித் தர வேண்டாத பணமாக அரசு கொடுப்பது ஏறக்குறைய எல்லாமே கடனோடு ஒட்டி வருவதுதான். முதலில் வங்கி கடன் ஒப்புதல் தர வேண்டும். அதற்குப் பிறகுதான் மானியம். ஆகவே "எந்தத் திட்டத்தில் அதிக சதவீதம்?" என்று மட்டும் பார்த்து இறங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். கடை எந்த எல்லையில் இருக்கிறது, உரிமையாளர் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர், கடை புதிதா ஏற்கெனவே நடப்பதா, மானியம் கைக்கு எப்போது வருகிறது என்ற நான்கையும் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஒப்பிட வசதியாக ஒரே கணக்கை வைத்துக்கொள்வோம். 10 லட்சம் ரூபாய்த் திட்டம். அதில் இட்லி ஸ்டீமர், டில்டிங் கிரைண்டர், தோசைக்கல், பர்னர், டீப் பிரீசர் எல்லாம் சேர்ந்து ஐந்தரை லட்சம். எக்ஸாஸ்ட், கேஸ் லைன், மின்வேலை ஒன்றரை லட்சம். மேசை நாற்காலி ஒரு லட்சம். மளிகை, சம்பளம் என்று சுழற்ற 2 லட்சம். வட்டி 11 சதவீதம், ஐந்து வருடத் தவணை. மானியமே இல்லாமல் 1 லட்சம் கைப்பணம் போட்டு 9 லட்சம் கடன் வாங்கினால் மாதத் தவணை சுமார் 19,570 ரூபாய். கீழே வரும் ஒவ்வொரு திட்டத்தையும் இந்த எண்ணோடு வைத்துப் பாருங்கள்.

பி.எம்.இ.ஜி.பி.: இடம்தான் தீர்மானிக்கிறது

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் 2008-09இல் வந்தது. காதி கிராமத் தொழில் ஆணையத்தின் பொறுப்பில் இருந்தாலும், பெரும்பாலானோர் போய் நிற்பது மாவட்டத் தொழில் மையத்தில்தான். ஹோட்டல் என்பது சேவைத் தொழில். அதற்குத் திட்ட மதிப்பு உச்சம் 20 லட்சம். அதற்கு மேல் போனால் கூடுதல் தொகையை வங்கி தரலாம், ஆனால் அதற்கு மானியம் இல்லை.

பொதுப் பிரிவினருக்கு நகர்ப்புறத்தில் 15 சதவீதம், கிராமப்புறத்தில் 25 சதவீதம். சிறப்புப் பிரிவினருக்கு நகரத்தில் 25, கிராமத்தில் 35. பலர் கவனிக்காமல் விடுவது இங்கேதான்: சிறப்புப் பிரிவு என்பதில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மட்டுமல்ல, பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், பெண்கள், முன்னாள் படைவீரர், மாற்றுத்திறனாளிகள், திருநங்கைகள் எல்லாரும் அடக்கம். அதாவது தமிழ்நாட்டில் விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலோர் சிறப்புப் பிரிவிலேயே வருவார்கள். ஆனால் சாதிச் சான்றிதழை விண்ணப்பத்தோடு வைக்காவிட்டால் பொதுப் பிரிவுக் கணக்குதான் விழும். சொந்தப் பங்கும் பொதுப் பிரிவுக்கு 10 சதவீதம், சிறப்புப் பிரிவுக்கு 5 சதவீதம்.

கிராமம், நகரம் என்ற பிரிப்பு ஊராட்சி எல்லையைப் பொறுத்தது. மாநகராட்சியின் ஓரத்தில், சாலைக்கு இந்தப் பக்கம் மாநகராட்சி, அந்தப் பக்கம் ஊராட்சி என்று இருக்கும் இடங்கள் நிறைய. அதே வாடகை, அதே வாடிக்கையாளர். எதிர்ப்பக்கக் கடையை எடுத்தால் 10 லட்சத்துக்கு 1 லட்சம் கூடுதல் மானியம். எனவே கடைக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே, அந்தக் கதவு எண் எந்த உள்ளாட்சியில் வருகிறது என்று வீட்டுவரி ரசீதை வாங்கிப் பாருங்கள். கிராமப்புறச் சான்று விண்ணப்பத்தில் கேட்கப்படும் ஆவணம். பேரூராட்சி என்றால் எந்தப் பிரிவில் எடுப்பார்கள் என்பதைத் தொழில் மையத்தில் கேட்ட பிறகே இடத்தை முடிவு செய்யுங்கள்.

நம் கணக்குக்கு வருவோம். கிராம ஊராட்சியில் ஒரு பெண் தொடங்கினால் சொந்தப் பங்கு 50,000, வங்கி தருவது 9.5 லட்சம், மானியம் 3.5 லட்சம். அந்த மானியம் அவர் கைக்கு வராது. வங்கியில் அவர் பெயரில் மூன்று வருட வைப்பாகக் கிடக்கும். அதற்கு வட்டி கிடையாது. அதற்கு ஈடான கடன் தொகைக்கு வங்கியும் வட்டி போடக் கூடாது. ஆக உண்மையில் வட்டியோடு கட்ட வேண்டியது 6 லட்சத்துக்கு, மாதம் சுமார் 13,050. பொதுப் பிரிவு ஆண் மாநகராட்சிக்குள் தொடங்கினால் 7.5 லட்சத்துக்கு, மாதம் சுமார் 16,310. ஒரே திட்டம், ஒரே கடை, மாதம் 3,260 ரூபாய் வித்தியாசம். முதல் தவணை வந்தவுடனே, மானியத்துக்கு ஈடான தொகைக்கு வட்டி பிடிக்காமல்தான் கணக்குப் போட்டிருக்கிறார்களா என்று கடன் கணக்குப் பட்டியலை வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

மூன்று வருடம் என்பதுதான் ஹோட்டல்காரர்களுக்குக் கழுத்தைப் பிடிக்கும் இடம். தையல் யூனிட் இடம் மாறாது. ஹோட்டல் மாறும், கட்டட உரிமையாளர் வாடகையை ஏற்றுவார், காலி செய்யச் சொல்வார். மூன்று வருடம் முடிந்து, கடை நடக்கிறது என்று நேரில் பார்த்து உறுதி செய்த பிறகுதான் மானியம் கடனில் கழிக்கப்படும். வழக்கமான 11 மாத ஒப்பந்தத்தை நம்பி இதில் இறங்கக் கூடாது. குறைந்தது மூன்று, முடிந்தால் ஐந்து வருட ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்யுங்கள். பதிவுச் செலவு வலிக்கும். 3.5 லட்சத்தைக் காக்கும் செலவு அது.

நடைமுறை மூலதனத்தில், அதாவது மளிகை, சம்பளம் என்று சுழற்றும் பணத்தில், இன்னொரு கண்ணி உண்டு. திட்ட அறிக்கையில் 2 லட்சம் நடைமுறை மூலதனம் காட்டியிருந்தால், அதற்கு வங்கி தரும் கடன் வரம்பை மூன்று வருடத்துக்குள் ஒரு முறையாவது முழுதாக எடுத்திருக்க வேண்டும். சராசரியாக 75 சதவீதத்துக்குக் குறையாமல் பயன்படுத்தியிருக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் அந்த விகிதத்துக்கு மானியம் திரும்பப் போகும். ஹோட்டல் அன்றாடம் ரொக்கம் புழங்கும் தொழில். காய்கறிக்கும் பாலுக்கும் அன்றைய கல்லாவிலிருந்தே கொடுத்துவிடுவார்கள், வரம்பைத் தொடவே மாட்டார்கள். திட்ட மதிப்பைப் பெரிதாகக் காட்டுவதற்காக நடைமுறை மூலதனத்தை ஊதிப் போடும் திட்ட அறிக்கைகள் பின்னால் இப்படித்தான் மானியத்தைத் தின்னும். தேவையான அளவே போடுங்கள்.

மது பரிமாறும் இடத்துக்கு இத்திட்டம் கிடையாது. அசைவ ஹோட்டலுக்கும் இல்லை என்று பழைய விதியை நினைவில் வைத்துச் சிலர் சொல்வார்கள். அது தளர்த்தப்பட்டுவிட்டது, ஹோட்டலிலும் தாபாவிலும் அசைவம் பரிமாறலாம். சேவைத் தொழிலில் 5 லட்சத்துக்கு மேல் போனால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும்; அதற்குள் என்றால் படிப்புத் தகுதி இல்லை. கணவன் மனைவி இருவரில் ஒருவர் மட்டுமே பெற முடியும். புதிய கடைக்கு மட்டும்தான்.

மாநில அரசின் யு.ஒய்.இ.ஜி.பி.: நகரத்துப் பொதுப் பிரிவினருக்கு இதுவே மேல்

படித்த வேலையற்ற இளைஞர்களுக்கான இந்தத் திட்டத்தில் கிராமம் நகரம் என்ற பேதமில்லை. எங்கும் 25 சதவீதம், உச்சம் 3.75 லட்சம், திட்ட மதிப்பு உச்சம் 15 லட்சம். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி, குடும்ப ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குள், வயது பொதுப் பிரிவுக்கு 45 வரை, சிறப்புப் பிரிவுக்கு 55 வரை.

நகரத்தில் கடை போடும் பொதுப் பிரிவு ஆணுக்கு மத்தியத் திட்டமான பி.எம்.இ.ஜி.பி. 15 சதவீதம் தருகிறது, இது 25. நம் 10 லட்சத்தில் 1 லட்சம் கூடுதல். தவணை 16,310க்குப் பதில் சுமார் 14,130. வயதும் வருமானமும் பொருந்தினால் யோசிக்கவே வேண்டாம். நகரத்துப் பெண்களுக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் இரண்டிலும் 25தான். வருமான உச்சவரம்பு இடித்தால் மத்தியத் திட்டம், இல்லையென்றால் உங்கள் மாவட்டத்தில் எந்தத் திட்டத்தில் அந்த ஆண்டு இலக்கு (இத்தனை பேருக்கு என்ற ஒதுக்கீடு) மீதமிருக்கிறதோ அது. கிராமத்தில் சிறப்புப் பிரிவினர் இதன் பக்கம் வர வேண்டியதில்லை, அவர்களுக்கு அங்கே 35 இருக்கிறது.

நீட்ஸ்: கொஞ்சம் பெரிய கடைக்கு

2012-13இல் வந்த புதிய தொழில்முனைவோர் மற்றும் தொழில் நிறுவன மேம்பாட்டுத் திட்டம் 10 லட்சத்தில் தொடங்கி 5 கோடி வரை போகிறது. மானியம் 25 சதவீதம், உச்சம் 75 லட்சம். அதோடு வட்டியில் 3 சதவீதத்தை அரசு ஏற்கிறது. முதல் தலைமுறைத் தொழில்முனைவோராக இருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு தேர்ச்சி வேண்டும்.

இந்த 3 சதவீத வட்டியை ஒப்பீட்டில் விட்டுவிடாதீர்கள். நகரத்தில் 15 லட்சத்துக்குக் கடை போடும் பிற்படுத்தப்பட்டவருக்கு மூன்று திட்டத்திலும் 25 சதவீதம்தான், ஆனால் வட்டி குறைவது இதில் மட்டுமே. கிராமத்துச் சிறப்புப் பிரிவினருக்கு நிலைமை வேறு. மத்தியத் திட்டத்தில் 20 லட்சத்தின் 35 சதவீதமான 7 லட்சமே உச்சம். திட்டம் 28 லட்சத்தைத் தாண்டினால்தான் நீட்ஸில் மானியத் தொகை அதைவிடக் கூடும். அதற்குள் நிற்கும் கடைக்கு நீட்ஸின் பெரிய எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம். மேலும் ஹோட்டலோடு லாட்ஜ் போன்ற வேறு தொழிலும் சேர்ந்தால் தகுதி எப்படி மாறும் என்று முதலிலேயே தொழில் மையத்தில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம்: தகுதி இருந்தால் முதலில் இங்கே

பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் மற்ற எதையும் பார்க்கும் முன் 2023-24இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைப் பார்க்க வேண்டும். 35 சதவீத மானியம், உச்சம் ஒன்றரைக் கோடி. கடன் கட்டும் காலத்தில் 6 சதவீத வட்டி மானியம். படிப்புத் தகுதி இல்லை, வயது 55 வரை.

சதவீதத்தைவிடப் பெரிய விஷயம், இது முன்முனை மானியம். மற்றத் திட்டங்களில் வங்கி 90, 95 சதவீதம் கடன் கொடுத்து, மானியம் பின்னால் கழிகிறது. இதில் அரசின் 35 பங்கு முன்னாலேயே வருகிறது. மீதி 65தான் கடன். சொந்தப் பங்கு என்று எதுவும் கேட்பதில்லை. 10 லட்சத் திட்டத்துக்குக் கடன் 6.5 லட்சம். 11 சதவீத வட்டியில் 6 போனால் மிஞ்சுவது 5. அந்தக் கணக்கில் மாதச் சுமை சுமார் 12,270. வட்டி மானியம் தவணை கட்டிய பிறகு கணக்கில் சேரும் என்பதால், ஆரம்ப மாதங்களில் கொஞ்சம் கூடுதலாகக் கட்டத் தயாராக இருங்கள். தவணை தவறினால் வட்டி மானியமும் சிக்கலாகும்.

ஏற்கெனவே நடக்கும் கடையை விரிவாக்கவும் இதில் இடமுண்டு. புதுக் கடைக்கே என்று கதவடைக்கும் மற்றத் திட்டங்களோடு பார்த்தால் இது பெரிய வாய்ப்பு. இத்தனை நல்ல திட்டம் இருந்தும், இதைச் சொல்லாமலே வேறு திட்டத்தின் படிவத்தைக் கையில் கொடுத்து அனுப்பும் இடங்கள் இருக்கின்றன. பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

கடை ஏற்கெனவே நடக்கிறதென்றால்

நடக்கிற ஹோட்டலுக்கு வழிகள் குறைவு, ஆனால் ஒரு வழி மிக நல்லது. பி.எம்.எஃப்.எம்.இ. என்னும் சிறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்களுக்கான திட்டம் 2020இல் வந்தது. தகுதியுள்ள திட்டச் செலவில் 35 சதவீதம், உச்சம் 10 லட்சம். சாதி, பாலினம், ஊர் எதையும் பார்ப்பதில்லை, பழைய யூனிட்டின் விரிவாக்கத்துக்கும் தருகிறது. சாப்பாடு பரிமாறும் தொழில் இதில் வராது. ஹோட்டலின் பின்கட்டில் நடக்கும் தயாரிப்பு வரும்.

இட்லி தோசை மாவு, சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி, ஊறுகாய், முறுக்கு மிக்சர், ரொட்டி பிஸ்கட், இனிப்பு: இவற்றில் ஏதாவது ஒன்று உங்கள் கடையின் பெயரைச் சொல்லும் பொருளாக இருந்தால், அதைப் பாக்கெட்டில் போட்டு விற்கும் தனி யூனிட்டாக்குங்கள். பல்வரைசர், ரோஸ்டர், டில்டிங் கிரைண்டர், பாக்கெட் சீல் செய்யும் இயந்திரம், குளிர் அறை என்று 8 லட்சம் ஆகிறதென்றால் 2.8 லட்சம் மானியம். அதே கிரைண்டர் காலையில் ஹோட்டலுக்கும் ஓடும் என்றாலும், யூனிட் தனியாகத் தெரிய வேண்டும்: தனி அறை, முடிந்தால் தனி மின் மீட்டர், தனி விற்பனைக் கணக்கு. ஆய்வுக்கு வருபவர் சமையலறை மூலையில் ஒரு கிரைண்டரைப் பார்த்தால் ஹோட்டல் என்றே எழுதிவிட்டுப் போவார்.

இங்கே அதிகம் அடிபடுவது பதிவுகள். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவில் உணவகத்துக்கான தொழில் வகை எண் 56இல் தொடங்கும். உணவுத் தயாரிப்புக்கான எண் 10இல் தொடங்கும். பல கடைகளின் பதிவில் 56 மட்டுமே இருக்கும். தயாரிப்பு எண்ணையும் சேர்க்க வேண்டும், சேர்க்கக் கட்டணமில்லை. உணவுப் பாதுகாப்பு உரிமத்திலும் தயாரிப்பு என்ற வகை தனியாக இருக்க வேண்டும். நிலம் வாங்கும் செலவு கணக்கில் வராது. கட்டட வேலைக்கு வரம்புண்டு. நடைமுறை மூலதனத்துக்கு மானியமில்லை. சொந்தப் பங்கு 10 சதவீதம். மானியம் இதிலும் மூன்று வருடம் வங்கியில் தனிக் கணக்கில் நிற்கும். மாவட்டம்தோறும் வள நபர்கள் இருக்கிறார்கள். திட்ட அறிக்கை எழுதுவது முதல் வங்கி வரை உதவ அரசே அவர்களுக்கு ஊதியம் தருகிறது. உங்களிடம் பணம் கேட்கக் கூடாது.

இன்னொரு வழி சுற்றுவழி. சிறு தொழிலுக்கு வங்கி தரும் முத்ரா கடனில் மானியம் இல்லை, ஆனால் முத்ராவில் வாங்கி ஒழுங்காகக் கட்டி முடித்த கடைக்கு, பி.எம்.இ.ஜி.பி.யின் இரண்டாம் கடன் திறக்கிறது: சேவைத் தொழிலுக்கு 25 லட்சம் வரை, 15 சதவீத மானியம். மூன்று வருட லாபக் கணக்கு காட்ட வேண்டும். இன்று 5 லட்சம் முத்ரா வாங்குபவர், வருமான வரித் தாக்கலை இன்றிலிருந்தே ஒழுங்காகச் செய்தால் அந்தக் கதவு திறந்திருக்கும். கல்லாவை மறைத்தால் மூடிவிடும்.

தள்ளுவண்டிக்கும் நடைபாதைக் கடைக்கும் பி.எம். ஸ்வநிதி. 2025 திருத்தத்துக்குப் பின் கடன் 15,000, 25,000, 50,000 என்று படிப்படியாக ஏறுகிறது. தவணையை நேரத்தில் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம். விற்பனையாளர் அடையாள அட்டையோ உள்ளாட்சியின் பரிந்துரைக் கடிதமோ அவசியம்.

வங்கி வாசலில் தடுக்குவது எங்கே

தொழில் மையம் பரிந்துரைத்துவிட்டால் காரியம் முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. கடன் தருவதா என்று முடிவெடுப்பது வங்கி. பழைய கடன்களை எப்படிக் கட்டினீர்கள் என்று காட்டும் சிபில் அறிக்கையை விண்ணப்பிக்கும் முன்பே எடுத்துப் பாருங்கள். பழைய செல்போன் தவணை, நகைக்கடன் பாக்கி என்று எதற்காகவாவது புள்ளி விழுந்திருக்கும். நம் கணக்கு போல 10 லட்சத்துக்குள் அடங்கும் கடனுக்குப் பிணையம் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. பிணையத்துக்குப் பதில் உத்தரவாதம் தரும் கடன் உத்தரவாத நிதியத்தின் கீழ் எடுக்கச் சொல்லிப் பணிவாக, எழுத்தில் கேளுங்கள்.

ஒப்புதல் வரும் முன் சாமான் வாங்காதீர்கள். ஆடி மாதத் தள்ளுபடியில் கிரைண்டரை எடுத்துப் போட்டுவிட்டு அந்தப் பில்லைத் திட்டத்தில் காட்டினால் ஏற்க மாட்டார்கள். பழைய சாமான் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும் ஸ்டீல் மேசை நல்ல முடிவாகவே இருக்கலாம், ஆனால் பில் இல்லாதது திட்ட மதிப்பில் ஏறாது. கட்டட முன்பணத்தையும் பொதுவாகச் சேர்க்க மாட்டார்கள். சென்னையில் அந்த முன்பணமே சில லட்சம் வரும் என்பதால், அதற்கும் சொந்தப் பங்குக்கும் தனித்தனியாகக் கைப்பணம் வேண்டும்.

ஜி.எஸ்.டி.யையும் கணக்கில் வையுங்கள். உணவகம் 5 சதவீத வரியில் இருந்தால் உள்ளீட்டு வரியை, அதாவது சாமான் வாங்கும்போது கட்டிய வரியை, திரும்பப் பெற முடியாது. டீப் பிரீசருக்குக் கொடுக்கும் 18 சதவீதம் உங்கள் செலவேதான். விலைப்புள்ளி வாங்கும்போது வரியோடு வாங்கி, மானியத்துக்கு எந்தத் தொகையை எடுக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாக்கெட் மாவு, பொடி யூனிட்டுக்கு வரி விதியே வேறு, உள்ளீட்டு வரி கிடைக்கக்கூடும். ஆடிட்டரிடம் முதல் நாளே பேச வேண்டிய விஷயம் இது.

ஒரே இயந்திரத்துக்கு இரண்டு மானியம் வாங்க முடியாது. வேறு மத்திய, மாநில மானியம் பெற்ற யூனிட்டுக்கு பி.எம்.இ.ஜி.பி. கிடையாது. ஆகவே 30,000 ரூபாய் கிடைக்கிறதே என்று ஒரு சின்னத் திட்டத்தில் முதலில் கையெழுத்திட்டு, 3.5 லட்சத்தை இழந்துவிடாதீர்கள். தேவை ஒன்றிரண்டு லட்சம்தான் என்றால் மானியத்தைத் துரத்தாமல் முத்ராவிலேயே முடித்துக்கொள்ளலாம். மூன்று வருடக் கட்டுப்பாடும் பயிற்சியும் ஆய்வும் அந்தத் தொகைக்குப் பொருந்தாத பாரம்.

பி.எம்.இ.ஜி.பி.க்கும் பி.எம்.எஃப்.எம்.இ.க்கும் 2025-26 நிதியாண்டு வரையே ஒப்புதல் தரப்பட்டிருந்தது. எனவே படிவம் நிரப்பும் முன் மாவட்டத் தொழில் மையத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இந்த ஆண்டுக்கு இந்தத் திட்டத்தில் இலக்கு ஒதுக்கியிருக்கிறார்களா, எத்தனை மீதம், என் பகுதியில் எந்த வங்கிக் கிளை சமீபத்தில் ஹோட்டலுக்குக் கடன் கொடுத்திருக்கிறது? மூன்றாவது கேள்விக்குக் கிடைக்கும் பதிலை வைத்து வங்கியைத் தேர்ந்தெடுங்கள். விண்ணப்பத்தில் வங்கிக் கிளையின் பெயரை நீங்கள்தான் எழுதப் போகிறீர்கள். ஹோட்டல் என்றாலே தள்ளிவிடும் கிளைக்குப் போய்ச் சேர்ந்த விண்ணப்பத்தை மீட்டெடுக்க மாதக்கணக்காகும். விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது, உத்யம் பதிவுக்கும் கிடையாது. மானியத்தில் இத்தனை சதவீதம் கமிஷன் என்று வருபவரிடம் ஆதாரையும் கையெழுத்திட்ட காசோலையையும் கொடுக்காதீர்கள்.